கனிமொழியின் ஈறில் பட்ட வெளிச்சம்

கீழத்தோப்பு, அம்மாபேட்டை வழி
25.11.2012

அன்பு மகன் பரிதிக்கு அப்பா வீரையன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் கனிமொழியும் அவள் வயிற்றில் வளரும் உன் பிள்ளையும் குறையில்லாமல் இருக்கிறோம், கடல் தாண்டி நீ எப்படி இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் இரண்டு வரி பார்த்தால் மனது நிறையும். போனில் கேட்டுக்கொள்ளக் கூடாதா என்று நினைப்பாய். கடைசியாகப் போனில் நீ பேசவில்லை, கத்தினாய். “யாரக் கேட்டுக்கிட்டு அவ வாயில லேசர் வச்சீங்க, புள்ளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா நீங்களா பதில் சொல்லுவீங்க” என்று கேட்டாய். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், நீ வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு கனிமொழியிடம் பேசும்போதெல்லாம் “அப்பாகிட்டக் குடுக்காத” என்று சொல்கிறாயாம், அவள் என் முகத்தைப் பார்க்காமல் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போகிறாள். சரி, இருக்கட்டும். போன் என்றால் நடுவில் வைத்துவிடலாம், கடிதத்தை நடுவில் வைத்தாலும் அது அங்கேயே கிடந்து மீதியையும் படி என்று சொல்லும். நீ ரயிலுக்குச் சுரங்கம் தோண்டுகிற கம்பெனியில் இஞ்சினியர். நான் மூன்றாம் வகுப்போடு மாடு மேய்க்க அனுப்பப்பட்டு, மளிகைப் பொட்டலத்தைப் பிரித்துப் பிரித்து எழுத்துக் கூட்டியவன். ஆனாலும் இந்த விஷயத்தில் நான் பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்தவன், நீ லேசர் பிள்ளைக்கு ஆகாது என்று உன் அறைத் தோழன் சொன்னதைக் காதால் கேட்டவன். அதனால் இப்போது நான் சொல்கிறேன், நீ கேள்.

ஐந்தாம் மாதம் பிறந்தபோது கனிமொழியின் மேல் ஈறில், முன்பல்லுக்கும் சிங்கப்பல்லுக்கும் நடுவில், கடுகு அளவு சிவப்பாக ஒன்று முளைத்தது உனக்குத் தெரியும். சின்னக் கட்டிதானே, நான் லீவில் வருகிறவரை அதைத் தொடாதீர்கள் என்று நீயும் சொன்னாய். அந்தக் கடுகு வேர்க்கடலைப் பருப்பு அளவு ஆனதை யாரும் உன்னிடம் சொல்லவில்லை, உனக்கு வேலை ஓடாது என்று உன் அம்மா எல்லார் வாயையும் அடைத்துவிட்டாள். சோற்றை மென்றால் ரத்தம், ஊதி ஒரு வாய் காபி குடித்தால் ரத்தம், தூங்கி எழுந்தால் தலையணையில் ரத்தம். தோளில் கிடக்கும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டுதான் அந்தப் பெண் பேசும். சாப்பிட்ட தட்டை உன் அம்மா வாங்குவதற்குள் தானே ஓடிப்போய்க் கழுவிவிடும். என்ன இவ்வளவு அவசரம் என்று ஒருநாள் எட்டிப் பார்த்தேன், மிச்சம் வைத்த வெள்ளைச் சோறு வெற்றிலை துப்பியதுபோல் இருந்தது. அதற்குப் பிறகு அவள் சாப்பிட்டதெல்லாம் டம்ளரில் கஞ்சிதான். அந்தக் கஞ்சியிலும் பாதி கோழிக்குப் போனது. சுகாதார நிலையத்து நர்ஸ் எடை பார்த்துவிட்டு “என்னங்க பெரியவரே, போன மாசத்த விடக் கொறஞ்சிருக்கு, வாயும் வயிறுமா இருக்குற பொண்ண இப்படியா வச்சிருப்பீங்க” என்று நாலு பேர் நடுவில் என்னைத்தான் கேட்டாள். நான் என்ன, சோற்றைப் பூட்டியா வைத்திருக்கிறேன். ஊரில் அதற்குள் ஒரு வார்த்தை கிளம்பியது. மேலத்தெருவில் புகையிலை போட்டுப் போட்டு வாயில் புற்று வந்து போனாரே, அவருக்கும் முதலில் இப்படித்தான் முளைத்தது என்று தண்ணீர்க் குழாயடியில் பேசியிருக்கிறார்கள். அது கனிமொழி காதிலும் விழுந்திருக்கிறது. அவள் அதை எங்களிடம் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை, வீட்டில் எல்லாரும் அந்த ஒரு வார்த்தையைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தோம்.

நான் சும்மா இருக்கவில்லை. என் பங்குக்கு உமிக்கரியைத் துணியில் சலித்து உப்புச் சேர்த்துக் கொடுத்தேன், எரியுது மாமா என்றாள், பொறுத்துக்கொள் என்றேன், பொறுத்துக்கொண்டாள். டவுனில் பல் டாக்டரிடம் போனோம். “கர்ப்பத்துல சில பேருக்கு வர்றதுதான், பிரசவம் ஆனா தானாச் சுருங்கிப்போகும், இப்ப கத்தி வச்சா ரத்தத்த நிறுத்துறது கஷ்டம்” என்று சொல்லி வாய் கொப்பளிக்க மருந்து எழுதிக் கொடுத்தார். அவர் சொன்னது தப்பில்லை. ஆனால் பிரசவத்துக்கு இன்னும் நான்கு மாதம் கிடந்தது, அதுவரை இவள் எதைச் சாப்பிட்டுப் பிள்ளையை வளர்ப்பாள் என்று கேட்டேன், அவர் அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார். இந்த நேரத்தில்தான் உன் அமிர்தம் அத்தை உள்ளே புகுந்தாள். கழுத்து மருவுக்குக் குதிரை வால் முடியைக் கட்டி விழவைப்பது நம் ஊர் வழக்கம், அதில் அவள் கைராசிக்காரி, அவள் கட்டி உதிர்ந்த மரு இந்த வட்டாரத்தில் எத்தனையோ. கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவனிடம் முடி வாங்கிவந்து, நான் வயலில் முறைத் தண்ணீருக்குக் காவல் கிடந்த நேரமாகப் பார்த்து, “ரெண்டே நாள் தாயி, காஞ்ச பூ மாதிரி உதிர்ந்துடும், கத்தியும் வேணாம் ஒண்ணும் வேணாம்” என்று கனிமொழியை உட்காரவைத்துச் சுருக்குப் போட்டு இழுத்திருக்கிறாள். ஈறு என்ன கழுத்துத் தோலா. உன் அம்மா கத்திய சத்தம் எனக்கு மோட்டார் கொட்டகைக்கே கேட்டது. நான் ஓடிவந்தபோது அந்தப் பெண்ணின் மடியில் இருந்த துண்டு முழுக்கச் சிவப்பு, உன் அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு சரிந்து கிடக்கிறாள், அத்தை கையில் முடியோடு விழித்துக்கொண்டு நிற்கிறாள். ஈரத்துணியைச் சுருட்டி ஈறில் வைத்து அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். வெகுநேரம் கழித்துத்தான் நின்றது. நான் அத்தையைப் பேசாத பேச்செல்லாம் பேசினேன். அவள் விடுவாளா. “டேய் வீரையா, நான் ஒரு தடவதாண்டா கைய வச்சேன், நீ ஒரு மாசமா கரியப் போட்டுத் தேய் தேய்னு தேய்க்க வச்சியே, நீ பெரிய வைத்தியரு” என்றாள். அக்கா தம்பி சண்டை பொங்கல் வரைக்கும் போகும், அது கிடக்கட்டும்.

ரத்தம் நின்ற பிறகு கனிமொழி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்ன செய்யலாம் சொல்லு ஆயி என்று கேட்டேன். “அவங்க வர்ற வரைக்கும் ஒண்ணும் வேணாம்னு சொல்லியிருக்காங்க மாமா” என்றாள். அவன் சொன்னது எனக்கும் தெரியும், நீ சொல்லு என்றேன். மடியில் இருந்த துண்டை மடித்து ஓரமாக வைத்தாள். அப்புறம் “எனக்குப் பசிக்குது மாமா” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். யாரைக் கேட்டுச் செய்தீர்கள் என்று கேட்டாயே, இவளைக் கேட்டுத்தான் செய்தேன். வாய் அவளுடையது, பசி அவளுடையது. அதற்கு மேல் யாரிடம் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, இன்றைக்கும் தோன்றவில்லை.

மறுநாள் உன் சிநேகிதன் இப்ராஹிம் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். முதலில் கர்ப்பம் பார்க்கும் லேடி டாக்டரிடம்தான் போனோம். அவர் பார்த்துவிட்டு, ஆறாம் மாதம், இதுதான் சரியான நேரம், தஞ்சாவூரில் ஷீபா என்று ஒரு பல் டாக்டர் லேசரில் எடுக்கிறார், ரத்தம் அதிகம் போகாது, அங்கே போங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். ஷீபா என்பது மயிலாடுதுறைப் பக்கத்துப் பெண், உன்னைவிட வயது குறைவாகத்தான் இருக்கும், கழுத்தில் சின்னச் சிலுவை. குதிரை முடிக் கதையைக் கேட்டு முதலில் சிரித்துவிட்டார், பிறகு வாயைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. “இது மரு இல்லங்க ஐயா, உள்ள முழுக்க ரத்தக் குழாய்தான். மாசமா இருக்குறப்ப ஈறு லேசுல வீங்கும், அதுல அழுக்கு சேந்தா இப்படி வளந்துடும். ரத்தம் வருதேன்னு பயந்துக்கிட்டு அந்தப் பக்கம் மட்டும் தேய்க்காம விட்டுட்டாங்க, அதான் இன்னும் பெருசாயிடுச்சு. சொரசொரப்பா எதுவும் இனிமே வேணாம், மெல்லிசு பிரஷ் போதும்” என்றார். உமிக்கரி என்று பெயர் சொல்லவில்லை, என் பல்லைப் பார்த்துவிட்டுச் சொல்ல மனம் வந்திருக்காது. இத்தனை வருஷம் உமிக்கரியில் தேய்த்தும் என் பல்லெல்லாம் எனக்கு அப்படியே இருக்கிறது. கனிமொழியைக் கொஞ்சம் வெளியே உட்காரவைத்துவிட்டு, அம்மா, இது அந்த நோயா என்று கேட்டேன். “பாத்தா அப்படித் தெரியலங்க. ஆனா பாத்ததை மட்டும் வச்சு நான் சொல்லக்கூடாது, எடுத்ததப் பரிசோதனைக்கு அனுப்பினாத்தான் உறுதியாச் சொல்லமுடியும்” என்றார். சும்மா தைரியம் சொல்லாமல் இப்படிச் சொன்னது எனக்குப் பிடித்தது. லேசர் என்றால் எக்ஸ்ரே மாதிரிதானே, பிள்ளைக்குப் படுமா என்றும் கேட்டேன், நீ கேட்பாய் என்று தெரியும். “எக்ஸ்ரே வேறங்க ஐயா. இது வெறும் வெளிச்சம். ஈறுலயே நகத்து கனம்தான் உள்ள போகும், வயித்துக்கு எங்க போகப்போகுது” என்றார். இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். இதை உன் அறைத் தோழனுக்கும் படித்துக் காட்டு.

உள்ளே போகும்போது என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். நான் நகரவில்லை. கனிமொழிதான் “மாமா இருக்கட்டும் டாக்டர்” என்றாள். உன் அம்மா ரத்தம் என்ற பேச்சுக்கே காரை விட்டு இறங்க மறுத்துவிட்டாள். பிள்ளை ரத்தக்குழாயை அழுத்தாமல் இருக்க, வலது இடுப்புக்குக் கீழே துணிச் சுருள் வைத்து இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்தார்கள், அந்த அளவுக்குக் கவனம். ஈறில் மரத்துப்போக ஊசி போட்டார்கள். பிறகு அவளுக்கு, டாக்டருக்கு, நர்சுக்கு, எனக்கு, எல்லாருக்கும் ஒரு பச்சைக் கண்ணாடி. நான் ஏதோ சினிமாக் கொட்டகை மெஷின் மாதிரிப் பெரிதாக வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், கொண்டுவந்து வைத்தது நம் வீட்டு ரேடியோ அளவுதான். அதிலிருந்து தூண்டில் நரம்பு மாதிரி ஒரு இழை. அதன் நுனியை ஒரு தக்கையில் தொட்டு எடுத்தார், நூலாய்ப் புகை கிளம்பியது. நுனியில் ஒரு சிவப்புப் பொட்டு தெரிந்தது. இதுதான் அறுக்கிற வெளிச்சமா என்று கேட்டேன். “இல்லங்க ஐயா, இந்தச் சிவப்பு எங்க படுதுன்னு எனக்கு அடையாளம் காட்டத்தான். அறுக்குற வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது” என்றார். பரிதி, அந்தப் பேச்சைக் கேட்டுப் பக்கத்திலிருந்த முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டேன். சாமியானாலும் சரி, கண்ணுக்குத் தெரியாத எதையும் நான் ஒத்துக்கொண்டவன் இல்லை, உன் அம்மாவோடு இத்தனை வருஷமும் எனக்கு அதற்குத்தானே சண்டை. இப்போது இந்த டாக்டர் பெண், கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஒன்று இருக்கிறது, அதை உங்கள் மருமகள் வாயில் விடப்போகிறேன் என்கிறாள், நானும் சரி என்கிறேன்.

கனிமொழி கையை நீட்டி என் துண்டின் முனையைப் பிடித்துக்கொண்டாள். மாமனார் கையைப் பிடிக்கக் கூச்சம், துண்டைப் பிடித்தாள், நானும் இழுக்காமல் விட்டுவிட்டேன். அரிவாள் என்றால் இழுக்கவேண்டும், கத்தி என்றால் அழுத்தவேண்டும். இங்கே இழுப்பும் இல்லை அழுத்தலும் இல்லை. அந்த நுனி தொட்டும் தொடாமலும் கோலம் போடுவதுபோல் போய்ப்போய் வந்தது. போன வழியெல்லாம் சதை விட்டுக்கொடுத்தது. முதல்நாள் ஒரு துண்டை நனைத்த ரத்தம் எங்கே போனது என்று நான் குனிந்து குனிந்து பார்க்கிறேன், ஒரு சொட்டு இல்லை. மயிர் கருகின மாதிரி லேசாக ஒரு வாடை, அதையும் ஒரு குழாய் உறிஞ்சிக்கொண்டது. ஒட்டி நின்ற பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, வெள்ளை வெளேரென்று அப்படியே நின்றது. அது எப்படி இதை அறுத்து அதை விடுகிறது என்று கேட்டேன். கையை எடுக்காமலே சொன்னார், “செவப்பத் தேடிப் போற வெளிச்சம்ங்க ஐயா இது. ரத்தம்தான் இத இழுத்துக்குது, இழுத்துக்கிட்டு அங்கயே அடச்சுக்குது. பல்லுக்கு இது வேணாம்” என்று. ரத்தமே வெளிச்சத்தைக் குடித்துத் தன் வாயைத் தானே மூடிக்கொள்கிறது. பொழுது விடிந்தால் அடைந்தால் வெயிலில் கிடந்தவன் நான். அது நெல்லைப் பழுக்க வைக்கும், முதுகைப் பொசுக்கும், களத்து ஈரத்தை எடுக்கும், அவ்வளவுதான் வெளிச்சத்துக்குத் தெரியும் என்று எண்ணியிருந்தேன். அது ஒரு ஈறுக்குள் போய் எதைத் தொடவேண்டும் எதை விடவேண்டும் என்று ஆள் பார்த்து நடக்கும் என்று யார் கண்டது.

எழுந்து வாய் கொப்பளித்தாள். தையல் இல்லை, பஞ்சு இல்லை. எடுத்ததை ஒரு சின்னக் குப்பியில் தண்ணீர் மாதிரி மருந்தில் போட்டுக் காட்டினார்கள், தோல் உரிந்த வேர்க்கடலைபோல் மிதந்தது. இதற்காகவா ஒரு வீடே பட்டினி கிடந்தது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. கிளம்பும்போது எனக்கு மனசு கேட்கவில்லை. வாய்க்காலில் அகலமாகப் போகிற தண்ணீர் யாரையும் ஒன்றும் செய்யாது, அதையே ஒரு நண்டு வளையில் விட்டால் கரையை அறுத்துவிடும், அந்த மாதிரி எல்லா வெளிச்சத்தையும் ஒரு துளையில் விடுகிறீர்களா என்று டாக்டரிடம் கேட்டேன். “அது பாதிதாங்க ஐயா. சும்மா வெளிச்சத்த அப்படிச் சேத்தா இது வராது. இதுல எல்லாம் ஒரே நிறம், எல்லாம் ஒரே நேரத்துல சேர்ந்து அடி வைக்கும்” என்றார். சேர்ந்து அடி வைப்பது என்றால் என்ன, வெளிச்சத்துக்குக் கால் உண்டா. மூன்று தரம் கேட்டேன், பொறுமையாகத்தான் சொன்னார், எனக்கு ஏறவில்லை. தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிட்டு வருகிற பழக்கம் எனக்கு இல்லை என்பது உனக்குத் தெரியும், அன்றைக்கு விட்டுவிட்டு வந்தேன். உனக்குத் தெரிந்தால் கோபத்தை ஒரு ஓரம் வைத்துவிட்டு எழுது.

பரிசோதனை முடிவு வருகிறவரை இருந்த இருப்பைச் சொல்லிமுடியாது. அந்தப் புற்று என்ற பேச்சை உன்னிடம் மறைத்தது அதனால்தான். உன் அம்மா புன்னைநல்லூர் மாரியம்மனுக்கு வெள்ளியில் உரு வாங்கிப் போடுவதாக வேண்டிக்கொண்டு கடைக்குப் போனாள். கண் இருக்கிறதாம், கை கால் இருக்கிறதாம், ஈறுக்கு உரு கிடையாதாம், முழு முகமாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று கடைக்காரன் சொல்ல, எம் மருமக மொகத்துல ஒண்ணும் கோளாறு இல்ல என்று அவனிடம் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாள். முந்தாநாள் டாக்டர் ஷீபாவே போன் செய்தார். “கெட்டது ஒண்ணும் இல்லங்க ஐயா, கர்ப்பத்துல வர்ற சாதாரண வளர்ச்சிதான், நிம்மதியா இருங்க” என்றார். போனை வைத்துவிட்டு நான் கனிமொழியைக் கூப்பிட்டு, அந்த வார்த்தையை முதல்தடவையாக வாய்விட்டுச் சொல்லி, அது இல்லையாம் ஆயி என்றேன். அவள் “எனக்குத் தெரியும் மாமா, நீங்க தூங்கலன்னு தெரியும்” என்றாள். நான் மறைத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அவள் எனக்காக மறைத்திருக்கிறாள்.

வேர் இருந்தால் பிரசவத்துக்கு முன் மறுபடி முளைக்கலாம் என்றும் டாக்டர் சொல்லியிருக்கிறார், இனி உன்னிடம் மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. முளைத்தால் மறுபடி அழைத்துப்போவேன். அன்றைக்கும் கனிமொழியைக் கேட்பேன், உன்னைக் கேட்கமாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

மேட்டூரில் தண்ணீர் பிந்தியதால் குறுவை போய்விட்டது, சம்பா தெளித்து முளைத்திருக்கிறது, முறை வைத்து விடுகிற தண்ணீரில் தலையெடுத்தால் உண்டு. பேராவூரணியிலிருந்து உன் மாமனார் துரைக்கண்ணு இளநீர்க் குலை அனுப்பியிருந்தார். வளைகாப்பு தையில். அவள் நம்மோடு இருக்கப்போவது அதுவரைதான், பிறகு தாய் வீட்டுக்குப் போய்விடுவாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய், லேசரைப் பற்றி அவளைக் கேள்வி கேட்டுத் துளைக்காதே, என்ன சாப்பிட்டாய் என்று மட்டும் கேள். நீயும் வருஷத்துக்கு ஒரு தரமாவது பல்லை ஒரு டாக்டரிடம் காட்டு. பிரசவத்துக்கு லீவு இப்போதே எழுதிப்போடு, கடைசி நேரத்தில் கம்பெனி விடவில்லை என்று சொன்னால் நான் கேட்கமாட்டேன். நீயும் உன் மனைவியும் பிறக்கப்போகும் பிள்ளையும் வயிறு நிறைந்து, வாய் நிறையச் சிரித்து, நீண்ட காலம் வாழவேண்டும் என்று நானும் உன் அம்மாவும் வாழ்த்துகிறோம்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. நேற்று மத்தியானம் வெறும் சோறும் கருவாட்டுக் குழம்பும். கனிமொழி இரண்டாம் தரம் சோறு வாங்கினாள், மென்றாள், முள்ளை எடுத்து ஓரம் வைத்தாள், பிறகு தலையைத் தூக்கி “என்ன அத்த, இன்னிக்கிக் குழம்புல காரமே இல்ல” என்றாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சாப்பாட்டில் அந்தப் பெண் குறை சொன்னது அதுதான் முதல்தடவை. உன் அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு உள்ளே போய் அழுகிறாள். நான் எழுந்து போய் மிளகாய்த்தூள் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
கோ. வீரையன்